ஊர்க் குழுவில் வானிலை எச்சரிக்கை போடுவது எப்படி: கொங்குப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாசி கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. தமிழ்நாட்டு வரைபடம், அதில் ஈரோடு மாவட்டம் ஆரஞ்சு நிறம். "நாளைக்குக் கனமழை, மஞ்சளைக் காப்பாத்திக்குங்க" என்று கீழே எழுதியிருந்தது. மொடக்குறிச்சிப் பக்கம் வேகவைத்த மஞ்சள் களமெல்லாம் காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. நாலு வீட்டார் சேர்ந்து இரவோடு இரவாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டோம். மழை வரவில்லை. மறுநாளும் மூட்டமாகவே இருந்ததால் திறக்கத் துணியவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால், அரைகுறையாகக் காய்ந்த கிழங்கு உள்ளேயே வியர்த்து அடியில் பூசணம் பிடித்துக் கிடந்தது. அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். அந்தப் படம் போன ஐப்பசியில் வெளியானது. தேதி இருந்த மேல் ஓரத்தை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் வானிலைச் செய்தி போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் ஊரிலும் யாராவது ஒருவர் இதைச் செய்ய முன்வந்திருப்பீர்கள். இந்தக் கட்டுரை அப்படிப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. வானிலையைக் கணிக்க இதில் வழி இல்லை. கணித்தவர்கள் சொன்னதைச் சேதாரமில்லாமல் ஊர்க்காரர் காதில் சேர்ப்பதுதான் நம் வேலை.

முன்பு எப்படி, இப்போது எப்படி

எங்கள் அப்பா காலத்தில் கோவை வானொலிதான். "தமிழ்நாடு, புதுவையில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்ற ஒற்றை வரியில் நாகப்பட்டினமும் அடங்கும், காங்கேயமும் அடங்கும். நமக்கென்று எதுவும் இருக்காது. இன்று சென்னை மண்டல வானிலை மையம் மாவட்டம் மாவட்டமாகச் சொல்கிறது, நிறம் போட்டுச் சொல்கிறது. அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பும் தனியே வருகிறது. 2024 அக்டோபர் 24 முதல் ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பும் வந்துவிட்டது.

வெளியில் தெரியாத மாற்றம் ஒன்றும் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வானிலைக்காரர்கள் வெகுகாலமாகவே குறியீட்டில்தான் பேசிக்கொள்கிறார்கள். உலக வானிலை அமைப்பின் பட்டியலில் கோவை பீளமேட்டு நிலையத்துக்கு எண் 43321. காற்று, வெப்பம், மேகம், மழை எல்லாவற்றையும் ஐந்தைந்து இலக்கங்களாக அடுக்கித் தந்தியில் அனுப்பினார்கள். அந்த இலக்க வரிசை இப்போது கணினி படிக்கும் வடிவத்துக்கு மாறிவிட்டது. அதேபோல எச்சரிக்கைக்கும் உலகம் முழுவதும் ஒரே அச்சாக ஒரு வடிவம் உண்டு. அதன் பெயர் பொது எச்சரிக்கை நெறிமுறை, சுருக்கமாக 'கேப்'. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் இந்த வடிவத்தில்தான் எச்சரிக்கைகளைத் திரட்டி அனுப்புகிறது.

'கேப்' என்பதை ஒரு விண்ணப்பப் படிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் யார், எப்போது அனுப்பினார், எந்த இடத்துக்கு, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கட்டம் கட்டமாக இருக்கும். இன்னொரு கட்டத்தில் இது உண்மையானதா, பயிற்சியா, சோதனையா என்று இருக்கும். பக்கத்திலேயே இது புதிய எச்சரிக்கையா, முன்னதற்குத் திருத்தமா, ரத்தா என்றும் இருக்கும். எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம் என்று மூன்று தனிக் கட்டங்களும் உண்டு. ஒரே படிவத்தை நிரப்பினால் போதும், குறுஞ்செய்தி, செயலி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே போய்விடும். எங்கள் ஊருக்கு வந்த படத்தில் இந்தக் கட்டங்களில் ஒன்றுகூட இல்லை. நிறம் மட்டும் இருந்தது.

முதல் வேலை: கைபேசியைத் தயார் செய்வது

உங்கள் கைபேசியின் அமைப்புகளுக்குள் போய் அங்குள்ள தேடல் பெட்டியில் "அவசர எச்சரிக்கை" அல்லது "எமர்ஜென்சி அலர்ட்" என்று தேடுங்கள். வயர்லெஸ் அவசர எச்சரிக்கை என்று ஒரு பகுதி வரும். அதில் எல்லாவற்றையும் இயக்கத்தில் வையுங்கள், சோதனைச் செய்தியையும் சேர்த்து. செல் பிராட்காஸ்ட் என்கிற முறைக்கு இதுதான் வாசல். 2023இல் தொலைத்தொடர்புத் துறை இதைச் சோதித்தபோது எல்லார் கைபேசியும் ஒரே நேரத்தில் கத்தியது பலருக்கு நினைவிருக்கும். பயந்துபோய் அன்றே அணைத்தவர்கள் எங்கள் ஊரிலேயே நிறைய. திரும்ப இயக்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட கைபேசிக் கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் அத்தனை கைபேசிக்கும் இது ஒரே வீச்சில் போகும். எண் வேண்டாம், இணையம் வேண்டாம், நெரிசலில் குறுஞ்செய்தி தேங்குவதுபோல் தேங்காது.

அடுத்து 'சசேத்' செயலி. உங்கள் மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றங்கரை ஊர் என்றால் மேலே இருக்கும் மாவட்டத்தையும் சேருங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். செயலியில் மொழி மாற்றும் வசதி உண்டு. திருப்பூர், பல்லடம் பக்கம் பனியன் கம்பெனியிலும் தறிகுடோனிலும் ஒடிசா, பீகார்க்காரர்கள் தங்கியிருந்தால், அவர்கள் கைபேசியில் அவரவர் மொழியை வைத்துக் கொடுங்கள். ஓடையோரத் தகரக் கொட்டகையில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். நம் ஊர்க் குழுவில் அவர்கள் இல்லை.

மாநில அரசின் 'டிஎன்-அலர்ட்' செயலியில் மழையளவும் அணை நீர்மட்டமும் தமிழில் கிடைக்கும். இடிமின்னலுக்கு 'தாமினி', உழவர்களுக்கு 'மேகதூத்'. இந்த நான்கு போதும். இதற்கு மேல் ஏற்றினால் எதையும் பார்க்க மாட்டோம்.

இரண்டாவது: நிறத்தைப் படிப்பது

பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். மனப்பாடம் செய்ய இவ்வளவுதான்.

ஆனால் நிறத்தை மழையின் அளவுகோலாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் தடுமாற்றம் வருகிறது. எவ்வளவு பாதிப்பு வரும், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் சேர்த்து எடைபோட்டுத்தான் நிறம் தருகிறார்கள். சித்திரை, வைகாசியில் "இடி மின்னலுடன் மழை, மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் காற்று" என்று மஞ்சள் நிறத்தில் வரும். மஞ்சள்தானே என்று விட்டால் போச்சு. கோபி, சத்தி, அந்தியூர்ப் பக்கம் தார் போட்ட வாழையைச் சாய்க்க அரை மணி நேரக் காற்று போதும், மழை 2 செ.மீ. கூட வேண்டியதில்லை. நிறத்துக்குப் பக்கத்தில் எதற்கான எச்சரிக்கை என்று எழுதியிருப்பதை வாசிக்காமல் குழுவில் எதுவும் போடாதீர்கள்.

மூன்றாவது: சொல்லுக்குள் இருக்கும் எண்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வானிலை அறிக்கையின் தமிழ் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நிர்ணயித்த எண் உண்டு.

அளவுச் சொற்கள் முதலில். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. செய்திகளில் இதையே 7 முதல் 11 செ.மீ., 12 முதல் 20 செ.மீ., 21 செ.மீ.யும் அதற்கு மேலும் என்று முழு எண்ணாக்கிச் சொல்வார்கள். 15.6 மி.மீ.யில் தொடங்குவது மிதமான மழை, அதற்குக் கீழே லேசான மழை. நம் பக்கம் மழையை உழவுக் கணக்கில்தான் சொல்வோம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏட்டில் 'மிதமான மழை' என்று வருவதே மேட்டாங்காட்டுக்காரர்களுக்குப் பெரிய மழை. ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். கனமழையின் கீழ்வரம்பே ஏக்கருக்கு இரண்டரை லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. வடிகால் இல்லாத வெங்காயக் காட்டுக்கு இது என்ன செய்யும் என்று பொங்கலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பரப்புச் சொற்கள். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 வரை 'ஒருசில இடங்களில்'. 51 முதல் 75 வரை 'அநேக இடங்களில்'. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்களில்'. "ஈரோடு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்றால், நான்கில் மூன்று பங்கு இடங்களில் கனமழை இருக்காது என்பதும் அதற்குள்ளேயே சொல்லப்பட்டிருக்கிறது. தாளவாடியில் கொட்டி, சிவகிரியில் வெயில் அடித்தாலும் அந்த முன்னறிவிப்பு சரிதான். "எங்க காட்டுல ஒரு துளி இல்ல, இவங்க சொல்றது எல்லாம் பொய்" என்று குழுவில் ஒருவர் எழுதுவார். அவரிடம் சண்டைக்குப் போகாமல் இந்தச் சொல்லின் பொருளை ஒருமுறை விளக்கிப் போடுங்கள். எங்கள் குழுவில் அது பாதிச் சலசலப்பை அடக்கியது.

தேதிதான் மூன்றாவது. வானிலைத் துறையின் நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. 15ஆம் தேதிக்கான எச்சரிக்கை என்றால் 15ஆம் தேதி இரவும், 16ஆம் தேதி விடியற்காலையும் அதில் அடங்கும். "15 முடிஞ்சுதுங்க, மழை வரல" என்று நள்ளிரவில் களத்தைத் திறந்து போட்டுவிட்டுப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். அதேபோல 16ஆம் தேதி காலையில் வெளியாகும் மழையளவு, பெரும்பாலும் 15ஆம் தேதி பெய்த மழையின் அளவு.

ஊராட்சி முன்னறிவிப்பைப் பற்றி

முன்பு சொன்ன நான்கைத் தவிர, திட்டமிடுவதற்கு மட்டும் 'மேரி பஞ்சாயத்' செயலி. அதில் உங்கள் ஊராட்சியின் பெயரைப் போட்டால் வெப்பம், மழை, காற்று, மேகமூட்டம் வரும். நம் ஊர்ப் பெயரையே திரையில் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும். ஆனாலும் அது பிறக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். கணினி மாதிரி நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்த 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' 6 கி.மீ. கட்டத்தில் இயங்குகிறது. அதற்கு முன் 12 கி.மீ. இருந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 6 கி.மீ.க்கு 6 கி.மீ. கட்டத்தில் நம் பக்கம் இரண்டு மூன்று ஊர்கள் அடங்கிவிடும். கோடை இடிமழை அதைவிடச் சின்ன இடத்தில் பெய்துவிட்டுப் போகும். எனவே விதைப்பு, மருந்தடிப்பு, தண்ணீர் விடுவது போன்ற நாலைந்து நாள் திட்டத்துக்கு ஊராட்சி முன்னறிவிப்பைப் பாருங்கள். உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தா என்ற கேள்விக்கு மாவட்ட எச்சரிக்கையையும் 3 மணி நேர அறிவிப்பையும் பாருங்கள்.

பயிருக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சார்ந்த வேளாண் வானிலை அறிக்கை இருக்கிறது. செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை வரும். மழை மட்டும் சொல்லாமல், மஞ்சளுக்கு என்ன, கரும்புக்கு என்ன, கால்நடைக்கு என்ன என்றும் சொல்வார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனையைப் பார்ப்பது வழக்கம். வெயில் எச்சரிக்கையில் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டாலே வெப்ப அலை ஆகிவிடாது, அந்த இடத்தின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் 40 தாண்டிய நாளிலும் வரைபடம் பச்சையாக இருப்பது அதனால்தான். பச்சையாக இருக்கிறதே என்று உச்சி வெயிலில் கரும்பு வெட்ட ஆள் விடாதீர்கள்.

ஆற்றங்கரைக்காரர்கள் மலையைப் பார்க்க வேண்டும்

கொங்குநாட்டில் எச்சரிக்கை படிப்பவர்கள் தவறாமல் கற்றுக்கொள்ள வேண்டியது இது. நம் மாவட்டம் பச்சையாக இருக்கும், வானம் வெளுத்துக் கிடக்கும், ஆறு பெருக்கெடுத்து வரும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையில் பெய்கிறது. நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும்தான். தண்ணீர் மட்டும் ஆற்றில் வந்து சேரும்.

2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்தத் தண்ணீர் இறங்கும் வழி பில்லூர். பில்லூர் அணையின் உயரம் 100 அடி, 97 அடி வந்ததும் உபரியைத் திறந்துவிடுவார்கள். அது மேட்டுப்பாளையத்தைக் கடந்து பவானிசாகருக்குப் போகும். ஆகவே மேட்டுப்பாளையம், சிறுமுகைக்காரர்கள் கோவை மாவட்டத்தின் நிறத்தோடு நீலகிரியின் நிறத்தையும் பார்க்க வேண்டும். எங்களைப் போலக் காவிரிக்கரையில் இருப்பவர்களுக்குக் குடகும் வயநாடும் மேல் வீடு. அங்கே பெய்தால் கர்நாடக அணைகள் நிறைந்து மேட்டூருக்கு வரும். மேட்டூர் 120 அடி நிறைந்துவிட்டால் வருகிற தண்ணீர் அப்படியே வெளியேறும். 2018 ஆகஸ்டிலும் 2024 ஆகஸ்டிலும் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது பவானி, ஈரோடு, கொடுமுடிக் கரையோர வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை.

அணைத் திறப்பு அறிவிப்பு வானிலை மையத்திலிருந்து வராது. நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் தருவது அது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் குழுவின் முகப்பில் ஒட்டி வையுங்கள்.

மின்னல்

மின்னலில் குழுச் செய்திக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் நேரில் சொல்லிக்கொடுங்கள். மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கி.மீ. தூரம் என்று வரும். 30 நொடிக்குள் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். ஓலைச் சாளையும் தனித் தென்னையும் ஒதுங்கும் இடம் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

குழுவில் எழுதும்போது

படத்தைப் பகிராதீர்கள். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். போன வாரப் படமும் சுற்றும், போன வருடப் படமும் சுற்றும். எழுத்தில் போடுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"ஈரோடு மாவட்டம். கனமழை, ஆரஞ்சு. 15ஆம் தேதி காலை 8.30 முதல் 16ஆம் தேதி காலை 8.30 வரை. ஓரிரு இடங்களில். சொன்னது சென்னை மண்டல வானிலை மையம், 14ஆம் தேதி பிற்பகல். களத்தில் கொப்பரை, மஞ்சள் இருப்பவர்கள் இன்று பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் அந்தப் பக்கம் மாடு கட்டியிருப்பவர்கள் இந்தப் பக்கம் கட்டுங்கள்."

முதல் பாதியில் நம் சொந்தச் சரக்கு ஒரு சொல்கூடச் சேரக்கூடாது. 'ஓரிரு இடங்களில்' என்பதைச் சுருக்குகிறேன் என்று எடுத்துவிட்டால் மாவட்டம் முழுக்கக் கனமழை என்றாகிவிடும். இரண்டாம் பாதி முழுக்க நம்முடையது. எந்த வீட்டில் நடக்க முடியாத அம்மா இருக்கிறார், எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும் என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது.

ரத்தாகிவிட்டால் அதையும் அதே அக்கறையோடு போடுங்கள். எங்கள் மஞ்சள் கெட்டதற்குப் பாதிக் காரணம் பொய் எச்சரிக்கை. மீதிக் காரணம், 'இனி எடுக்கலாம்' என்று சொல்ல ஆள் இல்லாதது. திருத்தம் வந்தால் பழைய செய்தியை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டும் குழுவில் கிடந்தால், ஒருவர் எதை முதலில் பார்க்கிறாரோ அதைத்தான் நம்புவார். இணையத்தில் தனிப்பட்ட முறையில் வானிலை சொல்லும் வெதர்மேன்கள் எழுதுவதை நானும் ஆசையாகப் படிக்கிறேன், நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் எச்சரிக்கை என்ற பெயரில் அதைக் குழுவில் போட மாட்டேன். அதிகாரபூர்வ மூலத்தில் உறுதிப்படுத்தாத செய்தியை யார் போட்டாலும் "எங்கிருந்துங்க, என்னைக்குப் போட்டதுங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நாலு முறை கேட்டால் ஐந்தாம் முறை அவரே பார்த்துவிட்டுப் போடுவார்.

கைபேசி வைத்துக்கொள்ளாத வீடுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் ஊரில் ஒன்பது வீடு. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும், யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஆரஞ்சுக்கு மேல் என்றால் மாரியம்மன் கோயில் மைக்கில் சொல்லச் சொல்கிறோம்.

ஒரு மழைமானி வையுங்கள்

கடைகளில் அளவு குறித்த பிளாஸ்டிக் மானி கிடைக்கும். இல்லாவிட்டால் அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் நேரான டப்பாவும் ஓர் அளவுகோலும் போதும். மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை சரியாக 8.30க்கு அளந்து கொட்டிவிடுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் முந்தின நாள் அறிக்கை சொன்னது, வலப்பக்கம் பெய்தது. ஒரு ஐப்பசி, கார்த்திகை போனால் போதும், 'ஓரிரு இடங்களில்' என்று வரும்போது நம் ஊர் எத்தனை முறை அந்த ஓரிரு இடங்களில் ஒன்றாக இருந்தது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

எங்கள் நோட்டுக்கு இது மூன்றாவது வருடம். மழை பெய்த மறுநாள் காலையில் நான் மானியை எடுக்கும்போதே எதிர்வீட்டு அப்பச்சி திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிடுகிறார்: "எத்தனை மில்லிங்க சாமி?"